வேலைக்கு நடுவே ஒரு பாட்டு

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் நிற்பது பாட்டு கிளாஸ். அடுத்தது டிராயிங், அதற்கடுத்தது பரதநாட்டியம். "ஒரு வருஷம்தானே, பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லித்தான் நிறுத்துகிறோம். பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூ, நீட், கல்லூரி, வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. அந்த 'அப்புறம்' பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதே இல்லை. உறை போட்ட வீணை பரணில் கிடக்கும் வீடுகள் எனக்கே பல தெரியும்.

பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மதிப்பெண் குறைந்தால் பிள்ளையின் வாழ்க்கை என்னவாகுமோ என்ற பயம் உண்மையான பயம். ஆனால் அந்த முடிவுக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. வேலையெல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்துக்கு உரியது கலை என்ற எண்ணம். அதோடுதான் எனக்குப் பிணக்கு. நம் ஊரில் கலை அப்படி மிச்ச நேரத்தில் வளர்ந்ததில்லை. வயலிலும் வாசலிலும் தூளிக்கு அருகிலும் சாவு வீட்டிலும் வளர்ந்தது. வேலையைச் செய்து முடிக்கவே மனிதர்களுக்குப் பாட்டு தேவைப்பட்டது.

கணக்கு வைத்த பாட்டு

பம்ப்செட் வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். கிணற்றிலிருந்து வயலுக்கு நீர் இறைக்க ஏற்றம்தான். நட்டு வைத்த கம்பத்தின் மேல் நீளமான மரம் ஒன்று குறுக்கே இருக்கும். அதன் மீது ஆள் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். அவர் முன்னே வந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னே போனால் நீரோடு மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் சாய்ப்பார். விடியற்காலையில் ஆரம்பித்தால் மணிக்கணக்கில் இதே வேலை. மேலே நடப்பவருக்குக் கால் பிசகக் கூடாது, கீழே நிற்பவருக்குக் கை பிசகக் கூடாது. இருவருடைய மூச்சும் ஒன்றாக ஓட வேண்டும்.

அந்த ஒழுங்கைக் கொடுத்தது ஏற்றப்பாட்டு. ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாடுவார். சால் ஒருமுறை மேலே வர ஓரடி. பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கும் பாட்டுக்குள்ளேயே எண்ணிக்கையும் வந்துகொண்டிருக்கும். எத்தனை சால் இறைத்தாயிற்று, எப்போது ஆள் மாற வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லிவிடும். கடிகாரமும் கணக்குப் புத்தகமும் அந்தப் பாட்டுக்குள் இருந்தன. இடையிடையே சாமியும் காதலும் ஊர்க் கதையும் கேலியும் வரும்.

கம்பரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வயல் வழியே போனவர் ஏற்றக்காரர் பாடிய ஓர் அடியைக் கேட்டு நின்றுவிட்டாராம். அதை முடிப்பதற்குள் வேலை நேரம் முடிந்து அவர் இறங்கிப் போய்விட்டார். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் யோசித்தும் பிடிபடாமல், மறுநாள் விடியலில் அதே கிணற்றடிக்குக் கம்பர் வந்து நின்றாராம். நடந்ததோ இல்லையோ, இப்படியொரு கதையைச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கும் சமூகம், ஏற்றக்காரரின் வாய்க்கு என்ன மரியாதை கொடுத்தது என்பது தெரிகிறது.

எங்கள் பக்கம், கும்பகோணத்துக்குக் கிழக்கே, நடவு வயலில் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவர். நடவு நடுவது குனிந்தபடியே பின்னால் நகர்ந்து செய்யும் வேலை. கணுக்காலுக்கு மேல் சேறு, முதுகில் வெயில். வரிசையில் ஒரு அம்மா முதல் அடியை எடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பாட்டு ஓடும்போது கைகள் ஒரே நேரத்தில் நாற்றை ஊன்றும். பாட்டு நின்றால் வரிசை கோணலாகும், பேச்சு வளரும், இடுப்பு வலி நினைவுக்கு வரும். பாட்டெடுக்கத் தெரிந்தவருக்கு நடவாட்களிடையே தனி மதிப்பு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடற்கரைக்குப் போனால் வலை இழுக்க அம்பாப் பாட்டு. தமிழ்நாட்டுக் கரையிலும் பாடுவார்கள், ஈழத்துக் கரையிலும் பாடுவார்கள்.

இது எவ்வளவு பழைய வழக்கம் என்று தெரிந்துகொள்ள சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையைப் புரட்டினால் போதும். அம்மானை ஆடும்போது பாடும் பாட்டு, பந்தடிக்கும்போது பாடும் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, உலக்கையால் குற்றும்போது பாடும் வள்ளைப் பாட்டு என்று வரிசையாக வைத்திருக்கிறார் இளங்கோ. அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலையும் யாழையும் குழலையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதிய அதே கவிஞர், உலக்கைப் பாட்டுக்கும் காவியத்தில் இடம் கொடுத்தார்.

வாசலில் நடக்கும் கணக்கு

கோலத்துக்கு வருகிறேன். தினமும் பார்ப்பதாலேயே நாம் நின்று பார்க்காமல் போகும் கலை அது.

சாணம் தெளித்துப் பெருக்கிய வாசலில், ஈரம் முழுதாகக் காயும் முன் உட்கார வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, இழை அறுந்துவிடாமல் விட வேண்டும். அதிகம் விட்டால் கோடு தடிக்கும், தயங்கினால் திட்டாக விழும். முதலில் புள்ளி. ஏழு புள்ளி, ஊடு புள்ளி, நான்கில் நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் 37 புள்ளிகள். சிக்குக் கோலம் என்றால் இப்போது ஓர் ஓரத்தில் தொடங்கிய கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து, தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, ஒரு புள்ளியும் விடுபடாமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு வளைவு தப்பினால் ஐந்தாறு புள்ளி தாண்டித்தான் தெரியும். அழித்துத் திருத்தினால் தரையில் வெள்ளை பரவி முகம் கெட்டுவிடும். அதனால் போடுகிறவருக்கு முழுக்கோலமும் முன்கூட்டியே மனதில் இருந்தாக வேண்டும்.

இதற்குள் இருக்கும் கணிதத்தைச் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974-ல் கோலத்தை வைத்துக் கணினி அறிவியல் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் விதிகள் உண்டு, சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தை அந்த விதிகளால் வளர்த்துக்கொண்டே போகலாம் என்று காட்டிய ஆய்வு அது. பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்த விதிகளைக் கைகளில் வைத்திருந்தார்கள்.

கோலம் போடும் கால் மணி நேரத்தில் அடுப்பு, பால், பள்ளிக்கூடப் பை எதுவும் நினைவில் இருக்காது என்று என் அம்மா சொல்வார். நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடும் பெண்ணுக்கு அது அவருடைய நேரம். போட்டதைத் தெரு பார்க்கும். எதிர்வீட்டு அக்கா "எத்தனை புள்ளிடி?" என்று கேட்டுப் போவார். பகலெல்லாம் சைக்கிளும் காலடியும் மிதித்து அழித்துவிடும். அரிசி மாவாக இருந்தால் எறும்புக்கும் தீனி. மறுநாள் மறுபடி புதிது. விற்க முடியாது, சட்டம் போட்டு மாட்ட முடியாது, பரிசும் கிடையாது. அப்படியிருந்தும் ஒவ்வொரு விடியலிலும் ஒருவர் குனிந்து அழகான ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வீட்டு வேலையைத் தொடங்கினார். அழகு மனிதர்களுக்கு எவ்வளவு அடிப்படையான தேவை என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

பிறப்புக்கும் இறப்புக்கும்

தாலாட்டுப் பாடிய நம் பாட்டிகளை யாரும் கவிஞர் என்று சொன்னதில்லை. ஆனால் தூளியை ஆட்டிக்கொண்டே அந்த நிமிடத்தில் அடி கட்டிப் பாடினார்கள். குழந்தையை யார் அடித்தார்கள் என்று விசாரிப்பார்கள், தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசையை அடுக்குவார்கள், பிறந்த வீட்டின் பெருமையைச் சொல்வார்கள். நடுநடுவே புகுந்த வீட்டில் பட்ட வேதனையையும் கலந்துவிடுவார்கள். குழந்தைக்குப் புரியப்போவதில்லை, ஆனால் அடுத்த அறையில் இருக்கும் மாமியாருக்குப் புரியும். நேரில் சொல்ல முடியாத சொல்லைச் சொல்ல ஒரு பெண்ணுக்குக் கிடைத்த மேடை அந்தத் தூளி.

ஒப்பாரியும் அப்படித்தான். சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து, ஒருவர் இறந்தவரின் குணத்தைச் சொல்லிப் பாட, மற்றவர்கள் அழுகையோடு வாங்கிக்கொள்வார்கள். கணவனை இழந்தவருக்கு ஒரு முறை, தாயை இழந்த மகளுக்கு ஒரு முறை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பழைய சாவுக்கும் சேர்த்து அழுவார்கள். துக்கத்தை நெஞ்சிலேயே அடைத்து வைக்காமல், ஊரே கூடிச் சுமக்க நம் முன்னோர் கண்ட வழி அது. இன்று நகரத்தில் பல சாவு வீடுகளில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனைப் பார்த்துவிட்டு, மாலை போட்டுவிட்டுக் கிளம்புகிறோம். அழுகைக்கு ஒரு ராகம் இருந்ததை இழந்தது சின்ன இழப்பு இல்லை என்றே நினைக்கிறேன்.

இந்தப் பாட்டுகளை அரும்பாடுபட்டுத் திரட்டியவர்கள் உண்டு. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி சேகரித்த நாட்டுப்பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் 'மலையருவி' என்ற நூலாகப் பதிப்பித்தார். நா.வானமாமலை 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்ததோடு மேடையிலும் பாடினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிப் புகழ்பெற்று, 1985-ல் வந்த 'ஆண் பாவம்' படத்தில் நடித்துத் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் தெரிந்தவரானார்.

கலையை வாழ்த்தி, கலைஞரை ஒதுக்கி

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கலை நம் அன்றாடத்தில் கலந்திருந்தது என்று பெருமைப்படுகிறோம். அதைச் செய்தவர்களை நாம் நடத்திய விதத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் இழுத்துக் கட்டியிருக்கும். அடிப்பதற்கு முன் தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, சரியான ஒலி வந்த பிறகே தோளில் மாட்டுவார்கள். இரண்டு கையிலும் இரண்டு விதக் குச்சி. அந்தத் தாளம் கேட்டால் காலை அசைக்காமல் நிற்க யாராலும் முடியாது. ஆனால் அந்தக் கருவியையும் அதை அடித்தவர்களையும் சாவோடும் சாதியோடும் கட்டி வைத்து இழிவு செய்தது நம் சமூகம். அதை மாற்ற ஒரு தலைமுறையே போராடியது. இன்று எல்லாத் தரப்பு இளைஞர்களும், பெண்களும் பறை கற்கிறார்கள். அலங்காநல்லூரின் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருது வேண்டும்தான். அந்தக் கலைஞர்களுடைய தெருவுக்கும் அதே மரியாதை போய்ச் சேர வேண்டும்.

நாதசுரத்தின் நிலை வேறு மாதிரி. கோயிலில் நாளின் பொழுதுகளையே அது பிரித்துக் கொடுத்தது. விடியலில் பூபாளம், சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி. ஊரில் கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் காதில் விழும் ராகத்தை வைத்துப் பொழுது தெரியும். கும்பகோணம் அருகே நரசிங்கம்பேட்டையில் இன்றும் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்கிறார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், நன்கு காய்ந்து இறுகிய மரமே அதற்கு உகந்தது. 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதை வாசிப்பவருக்கு நம் கல்யாணங்களில் என்ன இடம்? கல்யாண பட்ஜெட்டில் கேமராவுக்கும் மேடை அலங்காரத்துக்கும் லட்சக்கணக்கில் ஒதுக்கிவிட்டு, மேளக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். தாலி கட்டும் நிமிடத்தில் கெட்டிமேளம் முழங்காத கல்யாணத்தை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? பேரத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்வோம்.

மருத்துவம் சொல்வது

பாட்டால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மருத்துவர்களிடமும் பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் வெளியிட்ட அறிக்கை 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நோய் வராமல் தடுப்பதிலும் வந்த நோயைச் சமாளிப்பதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று சொன்னது.

என்னை மிகவும் வியக்க வைப்பது பக்கவாதம் பற்றிய செய்தி. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்த சிலரால், தெரிந்த பாட்டைச் சொற்களோடு பாட முடிகிறது. 'தண்ணீர்' என்று கேட்க வராத வாயில் பாட்டு வருகிறது. இதை வைத்து பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1973-ல் ஒரு பேச்சுப் பயிற்சியை உருவாக்கினார்கள். சின்னச் சின்ன வாக்கியங்களை ராகம் போட்டுப் பாட வைத்து, இடது கையால் தாளம் தட்ட வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுக்குக் கொண்டுவரும் முறை. நடுக்குவாத நோயில் நடை தடுமாறுகிறவர்களுக்கும் சீரான தாளம் காதில் விழுந்தால் காலடி ஒழுங்காகிறது. நடவு வயலில் பாட்டு நின்றால் வரிசை கோணலாகும் என்று முன்னே சொன்னேனே, அந்தப் பெண்களுக்குத் தாளத்தின் பலம் அனுபவத்திலேயே தெரிந்திருந்தது.

கேட்பது பாதிதான்

இன்று நம்மிடம் பாட்டுக்குப் பஞ்சமில்லை. முன்பு ஒரு நல்ல கச்சேரி கேட்க மாட்டுவண்டி கட்டிப் போனார்கள். பிறகு வானொலி வந்தது. டீக்கடை பெஞ்சிலும் தறிக்கூடத்திலும் அது ஒலித்தது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது வயல்காட்டு மெட்டு திரை வழியே ஊரெல்லாம் திரும்பி வந்தது. இப்போது கைக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. இரவுப் பணியில் இருக்கும் லாரி ஓட்டுநருக்கும் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் இளையராஜா துணையிருக்கிறார் என்றால் அது பெரிய வரம்.

ஆனால் கேட்பது பாதிதான். நம் வாயிலிருந்தும் கையிலிருந்தும் கலை போய்க்கொண்டிருக்கிறது. நம்மைவிட நன்றாகப் பாடுகிறவர் எப்போதும் போனில் இருப்பதால், "எனக்குப் பாட வராது" என்று எல்லோரும் சொல்லப் பழகிவிட்டோம். டிவி போட்டிகளில் ஏழு வயதுக் குழந்தைக்கு நடுவர் மதிப்பெண் போடுவதைப் பார்த்துப் பார்த்து, பாடுவது என்றாலே தேர்வு என்றாகிவிட்டது. நடவு வயலில் யாரும் மதிப்பெண் போடவில்லை. சுருதி சேராதவரும் சேர்ந்துதான் பாடினார். தூளியில் இருக்கும் குழந்தைக்கு வேண்டியது அதன் அம்மாவின் குரல், அப்பாவின் குரல். உலகத்தின் மிகச் சிறந்த பாடகரால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பாட்டையோ ஓவியத்தையோ நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், போதும். அந்த வருடத்தில்தான் அவர்களுக்கு மூச்சுவிட ஓர் இடம் மிகவும் தேவை. பள்ளியில் ஓவிய வகுப்பையும் பாட்டு வகுப்பையும் வேறு பாடத்துக்கு எடுத்துக்கொண்டால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் உங்கள் ஊர்ப் பிள்ளை ஆடினால் நேரில் போய்க் கைதட்டுங்கள்.

பணம் இல்லையே என்று தயங்குபவர்களுக்காக: தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் எல்லாம் மிகக் குறைந்த கட்டணத்தில் மூன்றாண்டுப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். சிறுவர்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் உண்டு. விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் அவசரமானது. மாக்வீனும் வானமாமலையும் திரட்டிய நூல்களில் சொற்கள் கிடைக்கின்றன, மெட்டு கிடைக்காது. அந்த மெட்டு இன்னும் உயிரோடு இருக்கும் இடம் நம் வீட்டுப் பெரியவர்களின் தொண்டை. உங்கள் குடும்பத்தில் தாலாட்டோ நடவுப் பாட்டோ ஒப்பாரியோ தெரிந்த ஓர் அப்பத்தா, அத்தை, பெரியம்மா கட்டாயம் இருப்பார். "அதெல்லாம் மறந்துபோச்சுப்பா" என்றுதான் முதலில் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள், ஓரடி வந்தால் மற்றவை தானாக வரும். போனில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்ததை அப்படியே விட்டுவிடாமல் ஒரு பாட்டையாவது நீங்கள் பாடக் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அவர்களுக்கு வயதாகிறது. இந்த வாரமே கேளுங்கள்.